முந்நூற்று நாற்பத்தேழு இடங்களில் ஆஸ்டின்

ஆஸ்டினைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவனை வேலைக்குக் கூப்பிட்டது நான். அதை அவன் மனைவி எஸ்லினிடம் ஏழு மாதமாகச் சொல்லாமல் மறைத்தவனும் நான்தான்.

சூளகிரியில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் நெட்வொர்க் பிரிவில் நாங்கள் இரண்டே பேர். எனக்கு ஐம்பது வயது, அவனுக்கு முப்பத்தெட்டு. பதவியில் நான் பெரியவன், வேலையில் அவன். பாகலூர்க்காரன். சப்ளையரிடம் கன்னடம், கான்ட்ராக்டரிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ் என்று நாக்கை மாற்றி மாற்றிப் போடுவான். ஞாயிறு காலை சர்ச்சில் பாட்டு. மற்ற ஆறு நாளும் ஏணிமேல்தான் இருப்பான்.

கம்ப்யூட்டர், கேமரா, மெஷின் எல்லாவற்றின் வயரும் வந்து சேரும் பெட்டியை ஸ்விட்ச் என்போம். எங்கள் மூன்று ஷெட்டிலும் சேர்த்து முந்நூற்று நாற்பத்தேழு ஸ்விட்ச். ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று விவரம் எழுதி வைக்கலாம்: உன் பெயர் என்ன, எங்கே இருக்கிறாய், உனக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கத் தொழிற்சாலைகளில் யாரும் அதை நிரப்புவதில்லை. ஆஸ்டின் ஒன்றுவிடாமல் நிரப்பினான். யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் எல்லாம் தன் பெயர், தன் போன் நம்பர். ஒரு பெட்டி நின்றுபோனால் அந்த நம்பருக்கே மெசேஜ் போகும்படியும் செய்துவைத்தான்.

"என்னடா, பெட்டிக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுக்கறியா?" என்று கிண்டல் செய்வேன்.

"அனாதையா விட முடியுமாண்ணா? ஒண்ணு படுத்துக்கிச்சுன்னா யாரக் கூப்புடறதுன்னு தெரிய வேணாமா?" என்பான்.

அந்தப் பெட்டிகளைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன புரோகிராமும் எழுதினான். எங்கள் நெட்வொர்க்கில் மொத்தம் நாலாயிரம் முகவரி எண்கள். பாதிக்கு மேல் காலி. அவன் புரோகிராம் நாலாயிரத்துக்கும் ஒரே நேரத்தில் "இருக்கிறாயா?" என்று கேட்கும், ஒரு நொடிதான் காத்திருக்கும். குரல் கொடுத்தவர்களிடம் மட்டும் பெயரும் இடமும் விசாரிக்கும். இரண்டு நிமிஷத்தில் மொத்தப் பட்டியலும் கையில். எனக்கும் சொல்லிக் கொடுக்க வந்தான். சின்னப்பயல் எனக்குப் பாடம் எடுப்பதா என்று, அப்புறம் பார்க்கலாம் என்றேன். எல்லாம் திமிர்.

அந்த ஞாயிறு நான் டியூட்டி. எங்கோ ஒரு ஸ்விட்ச் நின்றுபோகாமலே பழுதாகி, மெசேஜும் அனுப்பாமல் நெட்வொர்க்கையே திணறடித்தது. உதிரிபாகத்துக்கு வண்ணம் பூசும் பெயின்ட் ஷாப் நின்றுவிட்டது. மேனேஜர் போனில் கத்துகிறார். பழுதானது எது என்று தேட, நான் எனக்குத் தெரிந்த வழியில் ஒவ்வொரு முகவரியாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஆளில்லாத முகவரிக்கும் முப்பது முப்பது விநாடி காத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் நூற்றைம்பதைக்கூடத் தாண்டவில்லை. ஆஸ்டினைக் கூப்பிட்டேன்.

"ஒண்ணொண்ணா கேக்காதீங்கண்ணா, எல்லாத்தையும் ஒட்டுக்கா கேளுங்க. என் புரோகிராம் உங்க மெஷின்லயே இருக்குது. ரெண்டு நிமிஷ வேலை" என்றான்.

"பாடம் எடுக்காதடா. கெளம்பி வா!" என்று கத்தினேன்.

சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு பைக்கில் கிளம்பினான். வழியில் ஒரு லாரி. அவன் வந்து சேரவே இல்லை.

அடக்கத்தில் எஸ்லின், "லீவு நாள்ல எதுக்குண்ணா கூப்புட்டாங்க?" என்று கேட்டாள். "மேனேஜர் கூப்புட்டிருப்பாரும்மா" என்றேன். அந்த வாய் புழுத்துப்போக வேண்டாமா?

பத்தாம் நாள் அவளிடமிருந்து போன். பாகலூர் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் அவள் பூ பேக்கிங் செய்கிறாள், அங்கிருந்துதான் பேசினாள். "அண்ணா, அவரு போனுக்கு ஒரு மெசேஜ் வந்துருக்குது. பெயின்ட் ஷாப், பதினாலாம் தூண், டவுன்னு போட்டிருக்குது."

ஓடிப்போய்ப் பார்த்தேன். உண்மைதான், அந்தப் பெட்டி நின்றுபோயிருந்தது. பெட்டிகள் எல்லாம் தங்களுக்குத் தெரிந்த ஒரே ஆளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அன்றே நம்பரை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. அவன் பெயரை அழிக்க மனசு வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் அண்ணா என்று கூப்பிடுவது எனக்கு வேண்டியிருந்தது, அதுதான் நிஜம்.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை கூப்பிடுவாள். பெட்டியின் பெயர், இடம், தூண் நம்பர் எல்லாம் தெளிவாகச் சொல்வாள். சொன்ன பிறகும் உடனே வைக்கமாட்டாள். லைனிலேயே இருப்பாள். பாவம், மனசு ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டு, "சாப்ட்டியாம்மா?" என்பேன். பழுதை உடனுக்குடன் பிடிக்கிறேன் என்று மேனேஜர் என்னைப் பாராட்டினார். வெட்கமில்லாமல் அதையும் வாங்கிக்கொண்டேன்.

ஏழாம் மாதம் ஆடிட் வந்தது. "இறந்தவர் நம்பரையா இன்னும் வச்சிருக்கீங்க? இன்னைக்கே மாத்துங்க" என்றார்கள். ஆஸ்டினின் புரோகிராமை முதல்முறையாக ஓட்டினேன். முந்நூற்று நாற்பத்தேழு பெட்டியும் பதில் சொன்னது. ஒவ்வொரு வரியிலும் ஆஸ்டின், ஆஸ்டின், ஆஸ்டின். கேட்டு முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானாடா என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். பிறகு எல்லா இடத்திலும் என் நம்பரைப் போட்டேன்.

மறுநாள் பாகலூர் போனேன். எப்படியும் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணித்தான் போனேன். எஸ்லின் காபி கொடுத்தாள். "இனிமே அந்த மெசேஜ் வராதும்மா. நம்பர மாத்திட்டோம்" என்றேன்.

"சரிங்கண்ணா."

காபி ஆறியது. எழுந்தேன்.

"வேற ஏதாச்சும் சொல்லணுங்களாண்ணா?"

"இல்லம்மா."

அவன் போனை எடுத்து என் முன்னால் நீட்டினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை, பத்தே முக்கால் மணி, என் பெயர்.

"ஆஸ்பத்திரியில இதை என் கையில குடுத்தாங்க. அன்னைக்கே பாத்துட்டேன்."

"தெரிஞ்சுமா எனக்குப் போன் பண்ணிட்டிருந்த?"

"ஒவ்வொரு தடவையும், இன்னைக்காவது நீங்களா சொல்லுவீங்கன்னு லைன்லயே இருந்தேங்க" என்றாள். "இனி நான் கூப்புட வேலையில்லை. நீங்களும் வராதீங்க."

அண்ணா என்று சொல்லவில்லை.