பாஸ் குரலுக்கு எத்தனை வாட்

அப்பா செகந்திராபாத்தில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் பாஸ் என்னும் அடிக்குரல் பாடுகிறவர். கொஞ்ச நாளாக ஒத்திகைக்குப் போகவில்லை. கேட்டால் காரைக் குற்றம் சொன்னார். குழுவின் பதிவைக் காரில் போட்டுக் கேட்டுத்தான் அவர் எந்தப் பாட்டையும் மனப்பாடம் செய்வார்.

"ஸ்பீக்கர் போச்சும்மா. ராகம் வருது, வார்த்தை வரல. கிறிஸ்துமஸ் பாட்டை எப்படிப் படிக்கறது?"

எனக்கு அது போதாதா? லோத்குண்டா வீட்டு வாசலில் காரைப் பிரித்துப் போட்டேன். கதவு ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் விடாமல் அறுபது வாட் தாங்கும். காரோடு வந்த ஸ்டீரியோ அதில் கால்வாசிதான் தரும். சத்தத்தைக் கூட்டக் கூட்ட அதற்கு மூச்சு முட்டி ஒலி கிழிந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன். ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட், ஒரு கணத்து உச்சம் மட்டுமே. அதை நம்பாமல், தொடர்ந்து அறுபது தருவதாகப் பார்த்து வாங்கினேன். சீட்டுக்கு அடியில் அடிநாதத்துக்கென்று சின்ன சப்வூஃபர், அதன் தாங்குசக்திக்கு ஏற்றாற்போல் தனி ஆம்ப், பேட்டரியிலிருந்து தடித்த வயர்.

"கைக்குடி, எதுக்குடி இத்தனை வயரு? உங்கப்பாவுக்குக் கல்யாண பராத்தா கிளம்புது, ஊர்வலமா?" என்றாள் அம்மா.

"ஹவ், ஆமா, மாப்பிள்ளைக் குதிரைக்கும் சொல்லியாச்சு."

ஞாயிறு மதியம் மூவரும் காரில் ஏறினோம். பதிவைப் போட்டேன். ஒவ்வொரு சொல்லும் பளிச்சென்று வந்தது.

"எப்படிப்பா?"

"நல்லா அதிருது. கொஞ்சம் கூட்டு."

கூட்டினேன். பின்சீட்டில் அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னும்," என்றார் அப்பா.

ஆம்ப் திணறவில்லை, ஒலி கிழியவில்லை. என் கைதான் நின்றுவிட்டது. அப்பா வேலை பார்த்ததெல்லாம் காது பிளக்கும் எஞ்சின் சோதனைக் கூடத்தில். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் ஸ்டீயரிங்கில் தாளம் தட்டிப் பாட ஆரம்பித்தார். சுருதி துளி பிசகவில்லை. குழு மூன்றாம் சரணத்துக்குப் போனது. அவர் இரண்டாவதையே மறுபடி பாடிக்கொண்டிருந்தார். "ஏங்க" என்று முன்னால் குனிந்த அம்மா, மறுபடி பின்னால் சாய்ந்துகொண்டாள்.

அப்பா கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எந்தச் சரணம் ஓடுது?"

பாட்டை நிறுத்திவிட்டு, "மூணாவதுப்பா" என்றேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று விரலைக் காட்டினேன்.

சாவியைத் திருப்பி எடுத்தார்.

"கொயர் மாஸ்டருக்கு நீயே போன் போடு. நான் பேசினா அவர் சொல்றது எனக்கு விளங்காது. இந்த வருஷம் அப்பா கீழ சபையோட பெஞ்சுல உட்காந்துக்கறாராம்னு சொல்லு."