சுண்ணாம்பு பட்ட பிக்

கோங் தரிலின் ஒரு பிக்கை, கிட்டார் கம்பியை மீட்டுகிற அந்தச் சின்ன வில்லையை, கையில் எடுத்தால் முதலில் அதைக் கடையின் கண்ணாடி மேஜைமேல் போடுவாள். ஒரு சாண் உயரத்திலிருந்து, விரலைத் தளர்த்தி, சும்மா விழவிடுவாள். தலையைச் சாய்த்து அது விழுகிற சத்தத்தைக் கேட்பாள். வளைத்துப் பார்ப்பதும் தடவிப் பார்ப்பதும் அதற்கு அப்புறம்தான். ஷில்லாங்கில், லைதும்க்ராவில் இருக்கும் அவளுடைய வாத்தியக் கடைக்குப் பதினெட்டு வருஷமாக வந்துபோகிற எல்லாருக்கும் இது தெரியும். கோங், அதாவது அக்கா, மேஜைமேல் போட்டுக் காட்டாத பிக்கை யாரும் வாங்குவதில்லை.

"கோங், இருக்கறதுலயே கெட்டியானதாக் குடு. நான் லீட் கிட்டார் வாசிக்கறவன்" என்று யாராவது மார்தட்டிக்கொண்டு வந்தால், "கட்டைவிரலைக் காட்டு" என்பாள்.

"எதுக்கு?"

"விரல் நுனி வெளுத்துப் போயிருக்கு பாரு. பயந்துபோய்ப் பிடிக்கற கை இது. கெட்டியானதைக் குடுத்தா கம்பியை அறுத்துட்டு வந்து நிப்ப. நடுத்தரத்தை எடுத்துக்கிட்டுப் போ."

வந்தவன் முணுமுணுத்துக்கொண்டே நடுத்தரத்தை வாங்கிப் போவான். அடுத்த வாரம் அதே மாதிரி இன்னும் இரண்டு வேண்டும் என்று வருவான்.

ஷில்லாங்கில் பாதிப்பேருக்கு வாசிக்கக் கருவி தேர்ந்து கொடுத்தவள் நாலுபேர் முன்னால் வாசிப்பதே இல்லை. காரணம் ஊருக்கே தெரியும். அவளுக்குப் பத்தொன்பது வயதில், சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு கிட்டார் வாசித்தபோது, வியர்த்த விரலிலிருந்து பிக் நழுவி நேராகக் கிட்டாரின் ஓட்டைக்குள் விழுந்துவிட்டது. பாட்டு நின்றது. அவள் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினாள். உள்ளே 'கிலுகிலு' என்று ஓடியதே தவிர பிக் வெளியே வரவில்லை. பாதிரியாரே சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அவள் பெயர் கிலுகிலுப்பை. இருபத்தைந்து வருஷம் ஆகியும் சந்தையில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் காது மடல் சிவந்துபோகும்.

போன நவம்பரில், செர்ரிப்பூ பூத்திருந்த ஒரு சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, கடைக்கதவு அதிரும்படி கோங் ஜூபிலி உள்ளே வந்தாள். ஜூபிலிக்குப் பெரிய சந்தையில் பன்றிக்கறிக் கடை. ஆனால் ஊரில் அவளைத் தெரிந்தது அவள் தொண்டையால்தான். அவள் பாடுவாள், காய்கறி விற்கிற கோங் இபா டிரம்ஸ் அடிப்பாள், லாரி ஓட்டுகிற ஸ்கெம் அண்ணன், ஊர்ப்பேச்சில் பாஹ் ஸ்கெம், கிட்டார் வாசிப்பான். வாத்தியக் கடையின் மாடியறையில்தான் மூன்றுபேரும் ஒத்திகை பார்ப்பார்கள். அன்றைக்கு மைதானத்துத் திருவிழாப் பாட்டுப்போட்டியில் மூன்று மணிக்கு அவர்கள் முறை.

"தரி! ஸ்கெம் கௌஹாத்தி ரோட்டுல மாட்டிக்கிட்டான். குறுக்க எவனோ வண்டியைக் கவுத்துப் போட்டிருக்கானாம். இவன் வந்து சேர்றதுக்குள்ள எனக்குப் பேத்தி பொறந்துடும்."

"அதுக்கு?"

"அதுக்கு நீதான்."

"நான் கடையில இருக்கேன், கோங்."

"கடை என்ன ஓடியா போகுது? மாடியில நாங்க வாசிக்கறப்போ கீழ இருந்துக்கிட்டுக் கூடவே வாசிக்கறது யாரு? எலியா?"

யாருக்கும் கேட்காது என்று நினைத்து இரண்டு வருஷமாகத் தரிலின் செய்துவந்த வேலை அது. ஜூபிலிக்குப் பின்னாலேயே வந்து நின்றிருந்த இபா, "மாடியில தரையெல்லாம் பலகை கோங், அத்தனையும் கேக்குது. ரெண்டு இடத்துல ஸ்கெமைவிட நீதான் சரியா வாசிக்கற" என்றாள்.

"உங்க பாட்டு தனிக் கிட்டார்ல ஆரம்பிக்குது. எனக்குக் கை வேர்க்கும்."

"நவம்பர்லயா? நான் தினமும் பன்னிக்கொழுப்புல கையை வெச்சுக்கிட்டே கத்தி பிடிக்கறேன். எனக்கு வழுக்குதா?"

"நீ கத்தியை விட்டா விரல்தான் போகும். நான் பிக்கை விட்டா மானமே போகும்."

ஜூபிலி சுவரில் மாட்டியிருந்த கிட்டாரைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

தரிலின் அந்தக் கிட்டாரை எடுத்துச் சுருதி சேர்த்தாள். பிறகு பிக் இருக்கும் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள். மற்றவர்களுக்குத் தேர்ந்து கொடுக்கும்போது ஒரு நிமிஷத்தில் முடிகிற காரியம் இது. தனக்கென்று வந்ததும் எதை முதலில் எடுப்பது என்றே தெரியவில்லை. ஆனால் அது பயம் மட்டும் இல்லை. இனிப்புக் கடைக்குள் பூட்டிவைத்த குழந்தைபோல அவள் கை இங்கும் அங்கும் பாய்ந்தது.

மெல்லிய நைலானை எடுத்தாள். கம்பியில் பட்டதும் அது மடங்கிப் பின்னால் போய்த் திரும்பியது. பாட்டைவிட அதன் படபடப்புதான் அதிகம் கேட்டது. கெட்டியான கறுப்பு பிக் கம்பியோடு சண்டைக்குப் போனது. பெரிய முக்கோணம் கைக்கு அடக்கமாக இருந்தாலும், வேகமாகத் திருப்பியபோது முனை ஒரு நொடி பின்தங்கியது. ரப்பர் ஒட்டிய ஒன்று விரலைப் பசைபோலப் பிடித்துக்கொண்டது. எவ்வளவு வியர்த்தாலும் விடாது. ஆனால் அதன் சத்தம் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல மூடிக்கிடந்தது.

"அதுதான் நழுவாதே, அதையே எடு" என்றாள் இபா.

தரிலின் ரப்பர் பிக்கைத் தட்டிலேயே திரும்பப் போட்டாள். பிறகு குனிந்து, கீழ்த் தட்டிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே பஞ்சில் சுற்றிய எருமைக்கொம்பு பிக் ஒன்று இருந்தது. தேநீர் நிறம், நடுவில் ஒரு வெள்ளைக் கீற்று. ஐந்து வருஷத்துக்கு முன்னால் வந்த சரக்கில் இது ஒன்றை மட்டும் அவள் யாருக்கும் விற்கவில்லை. மேஜைமேல் போட்டாள்.

'டிங்.'

ஜூபிலி ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். "என்னது அது?"

தரிலின் பாட்டின் ஆரம்பத்தை வாசித்தாள். முனை கம்பியைத் தொட்டு வழுக்கி விலகியது. விலகும்போது ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, பனிக்காலையில் தகரக்கூரைமேல் சொட்டும் தண்ணீர்போலத் தெறித்தது. வேகத்தைக் கூட்டினாள். அதற்கும் தெளிவு குறையவில்லை. தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டுபேர் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார்கள். அவள் சட்டென்று நிறுத்தினாள்.

"இதுதான்" என்றாள். உடனே, "ஆனா இருக்கறதுலயே இதுதான் ரொம்ப வழுக்கும்" என்றாள்.

"ரப்பரைப் பிடிச்சுக்கிட்டு மூடி மூடி வாசிக்கப்போறியா, இல்ல இதை வாசிக்கப்போறியா?"

தரிலின் கடையைப் பூட்டினாள்.

டாக்சியில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதே உள்ளங்கை ஈரமாகிவிட்டது. "கோங், இதை நீ வெச்சுக்கோ. நான் வெச்சிருந்தா இங்கயே நழுவிடும்" என்று பிக்கை ஜூபிலியிடம் கொடுத்தாள். ஜூபிலி அதை இடுப்பில் செருகியிருந்த வெற்றிலைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். திருவிழாக் கூட்டத்தால் வண்டி நகரவே இல்லை. அரைமணி நேரம் ஒரே இடத்தில் நின்றார்கள்.

நாலுபேர் சேர்ந்து உட்கார்ந்த இடத்தில் வெற்றிலை பாக்கு தராமல் இருப்பது ஜூபிலிக்குத் தெரியாது. டிரைவருக்கும் சேர்த்து நாலு வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி மடித்தாள். மடித்துக்கொண்டே ஸ்கெமைத் திட்டினாள், முன்னால் நின்ற பஸ்ஸைத் திட்டினாள். தரிலின் மறுக்கவில்லை. கொடுக்கிற பாக்கை யாரும் மறுப்பதில்லை. பச்சைப்பாக்கு உள்ளே போனதும் காது சுட்டது, நெற்றி வியர்த்தது. கை இன்னும் மோசமானது.

"ஏன்தான் வாங்கிப் போட்டேனோ" என்றாள்.

"சூடு ஏறினாத்தான் வாசிப்புல காரம் இருக்கும்" என்றார் டிரைவர்.

மைதானத்தில் இறங்கியபோது ஒலிபெருக்கி அவர்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவது தடவை. மூன்றாவது தடவைக்கும் போகாவிட்டால் முறை போய்விடும். மூன்றுபேரும் ஓடினார்கள். மேடைப் படியில் நின்று தரிலின் கையை நீட்டினாள்.

"குடு."

ஜூபிலி பைக்குள் கையை விட்டாள். துழாவினாள். முதலில் சின்னக் கத்தி வந்தது. அப்புறம் சுண்ணாம்பு டப்பாவில் போட்டுவைக்கிற கரண்டி, சுண்ணாம்பே படாமல் வந்தது. ஜூபிலியின் முகம் மாறியது. டப்பாவைத் திறந்தாள். சுண்ணாம்பில் பாதி புதைந்து, மீதி வெள்ளையாகக் காய்ந்து, எருமைக்கொம்பு பிக் நின்றுகொண்டிருந்தது.

"நாலு வெத்தலைக்கும் இதாலயா தடவின?" என்றாள் இபா.

"கரண்டியும் கொம்புதானே! கையில தட்டுப்பட்டதை எடுத்தேன். இருட்டுப் பைக்குள்ள எனக்கு என்ன தெரியும்?"

ஒலிபெருக்கி மூன்றாவது தடவை கூப்பிட்டது. தண்ணீருக்கு நேரமில்லை. தரிலின் பிக்கைப் பிடுங்கிச் சால்வையில் அழுத்தித் தேய்த்தாள். முனை பளபளவென்று வந்துவிட்டது. விரல் பிடிக்கிற இடத்தில் மட்டும் காய்ந்த சுண்ணாம்பு மணல்போல ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது.

மேடையில் ஏறினாள். கீழே ஆயிரம் தலை. எங்கிருந்தோ ஒருவன் கத்தினான்: "அடேய், நம்ம கிலுகிலுப்பை!"

சிரிப்பு அலையாக எழுந்தது. தரிலினுக்கு முழங்கையிலிருந்து வியர்வை இறங்குவது தெரிந்தது. கண்ணை மூடினாள். பிக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தாள். முதல் சுரத்தை அடித்தாள்.

பிக் நகரவில்லை.

இரண்டாவது வரியில் கை நனைந்தது. அப்போதும் நகரவில்லை. சொரசொரப்பு விரலைக் கவ்விப் பிடித்தது, வழவழப்பான முனை கம்பியை விட்டு விட்டுப் பறந்தது. அவளுக்கு ஒரே சமயத்தில் அழுகையும் சிரிப்பும் வந்தன. வேகத்தைக் கூட்டினாள். ஒத்திகையில் போகிற வேகத்தைத் தாண்டினாள். இபா பதறிப்போய் டிரம்ஸோடு பின்னால் ஓடி வந்தாள். ஜூபிலி வாய்க்குள் மிச்சமிருந்த பாக்கை விழுங்கிவிட்டுப் பாட ஆரம்பித்தாள். பன்றிக்கறி எடைபோடும்போது பேசிப் பேசி ஏமாற்றுகிறவர்களைப் பற்றி அவளே கட்டிய பாட்டு. மைதானம் கைதட்டித் தாளம் போட்டது.

கடைசிச் சுரம் அடங்கியதும் தரிலின் கண்ணைத் திறந்தாள். கத்தியவன் நின்ற பக்கமாகத் திரும்பினாள். கிட்டாரைத் தலைக்குமேல் தூக்கிக் கவிழ்த்துப் பிடித்து, பலமாக மூன்று தடவை குலுக்கினாள்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

அப்புறம் எழுந்த ஆரவாரத்தில் மேடைப் பலகை அதிர்ந்தது. ஜூபிலி அவளைக் கட்டிக்கொண்டு, "என் சுண்ணாம்புடி! என் சுண்ணாம்பு!" என்று மைக்கிலேயே கத்தினாள்.

பரிசு மூன்றாவதுதான். சுண்ணாம்பில் கட்டைவிரல் வெந்துபோய், தரிலின் இரண்டு நாள் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஸ்கெம் அன்று மாலை வந்து சேர்ந்து, விஷயம் கேட்டு, "அப்போ நான் பேஸ் கிட்டார் கத்துக்கறேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

இப்போது அவர்கள் நாலுபேர். கடை மேஜைமேல் ஒரு சுண்ணாம்பு டப்பா இருக்கிறது. கை வேர்க்கும் என்று சொல்கிறவர்களுக்கு, பிக்கை மேஜைமேல் போட்டுக் கேட்டபிறகு, பிடிக்கிற இடத்தில் லேசாகத் தடவி, நன்றாகக் காயவைத்துக் கொடுக்கிறாள். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கடை மூடிவிடும், அப்புறம் மாடியில் நாலுபேருக்கும் ஒத்திகை; பிக் வேண்டுமானால் திங்கட்கிழமை வரவேண்டும்.