மதம் இல்லை என்று போடச் சொன்னவர்

எழுபதுகளின் நடுவில், இந்தக் கங்காரு நாட்டுக்கு வந்த புதிதில், கிளேட்டனில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு ஞாயிறுதோறும் ஒரு அமெரிக்கர் வருவார். என் கணவரோடு பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். புட்டும் சொதியும் என்றால் அவருக்கு உயிர். இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் குசினி மேசையிலேயே வாதத்தைத் தொடங்குவார்.

வாதம் எப்போதும் ஒன்றுதான். தேவாலயங்கள் நடத்தும் பள்ளிக்கூடங்களுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கலாமா என்று அந்த நாட்களில் இங்கே பத்திரிகைகளில் பெரிய சண்டை. அமெரிக்கரால் அதைத் தாங்க முடியாது. தங்கள் நாட்டில் மதத்துக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் மதில் கட்டியிருக்கிறோம், அதில் ஒரு கல் கழன்றாலும் வழக்குப் போடுவோம் என்பார். அங்கேயும் எல்லாரும் அவர் பக்கம் இல்லை. அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் பிரார்த்தனையை நீதிமன்றம் நிறுத்தியதற்காக இன்னும் திட்டுகிறவர்கள் உண்டு என்று அவரே சொல்வார். சின்ன வயதில், வகுப்பு முழுவதும் பிரார்த்தனை சொல்லும்போது, வேறு சபையில் பிறந்த அவர் மட்டும் வெளியே விறாந்தையில் நிற்கவேண்டியிருந்ததாம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தணிந்துவிடும்.

என் கணவருக்கு இந்தக் கதையெல்லாம் தேனாக இனித்தது. காரணம் இருந்தது. நாங்கள் புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்னர்தான் இலங்கையில் புதிய அரசியலமைப்பு வந்து, பௌத்தத்துக்கு முதலிடம் கொடுத்தது. மற்றவர்கள் தங்கள் பாட்டில் கும்பிட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். அந்தக் காயத்தோடு விமானம் ஏறியவர் அவர்.

"அரசாங்கத்துக்கு எண்டு ஒரு சாமி வந்தால், எங்கடை சாமி வாசலுக்கு வெளியிலைதான்" என்பார்.

நான் சும்மா விடமாட்டேன். "அரசாங்கமும் சாமியும் விவாகரத்து எடுத்தால் பிள்ளையள் ஆரோடை இருக்கிறது?" என்று கேட்பேன். அதை ஆங்கிலத்தில் கேட்ட அமெரிக்கர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

எனக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. இந்த நகரத்தில், கேரம் டவுன்ஸில், எங்கள் ஆட்களின் கோயில் எழும்ப இன்னும் எத்தனையோ வருடம் இருந்தது. குசினி அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பிள்ளையார் படமும் திருநீற்றுச் சிமிழும் வைத்திருந்தேன். அதுதான் எங்கள் கோயில்.

நாள் இருக்கும்போதே வலி வந்துவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் என்னைப் பதிந்த தாதி விலாசம் கேட்டாள், வயது கேட்டாள், பிறகு மதம் கேட்டாள். என் கணவர் நிமிர்ந்தார். அந்த நிமிர்வு எனக்குத் தெரியும். மதம் இல்லை என்று போடச் சொன்னார்.

"சைவம் எண்டு சொல்லுங்கோவன். அதுக்கென்ன?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அரசாங்க ஆஸ்பத்திரிக்கு எங்கடை சமயம் என்னத்துக்கு? நீர் பேசாமல் இரும்."

அந்த வலியில் யாரால் வாதாட முடியும்? தாதி அப்படியே எழுதிக்கொண்டாள்.

பெண் குழந்தை. குறைமாதம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். எனக்குக் காய்ச்சல் பிடித்துக்கொண்டதால் ஒரேயொரு தடவை தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் காட்டினார்கள். விரல்கள் அவ்வளவு சின்னவை. ஆனால் நகங்கள் ஒன்றும் குறையில்லாமல் முளைத்திருந்தன. ஒரு கிழமை முடியுமுன் போய்விட்டாள்.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரிப் பாதிரியார் வார்டுக்கு வந்தார். வெள்ளைத்தலை, மெலிந்த மனிதர். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி, தன் குழந்தை தப்புமோ தப்பாதோ என்று அழுதுகொண்டிருந்தாள். அவளருகில் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு, நெடுநேரம் மெதுவாகப் பேசினார். பிறகு எழும்பி என் பக்கம் திரும்பினார். கூட வந்த தாதி அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் நின்றார். என்னைப் பார்த்துத் தலையைத் தாழ்த்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நான் பாதிரியாருக்காகக் காத்துக்கிடந்தவள் இல்லை. அவருடைய செபத்தால் என் பிள்ளை திரும்பி வரப்போவதும் இல்லை. ஆனால் ஒரு மனிதர் என் கட்டிலருகிலும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம். நாங்கள் சொன்னதை அவர்கள் மதித்தார்கள், அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. போர்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதேன்.

அமெரிக்கர் சொன்னது சரி. இத்தனை வருடம் கழித்தும் சரி என்றுதான் சொல்வேன். ஆட்சி செய்கிறவன் கையில் சாமியைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எங்கள் நாட்டாருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் குசினி மேசையில் பேசிய சரியான கொள்கையைப் பரீட்சித்துப் பார்க்க என் பிள்ளைதானா கிடைத்தாள்? பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது. என் கணவர்மேல் அன்று வந்த கோபம் இன்றைக்கும் முழுதாகத் தீரவில்லை.

பால்குடிப் பிள்ளைகளை எங்களில் எரிப்பதில்லை, மண்ணில்தான் வைப்பது. அடக்கத்துக்குப் போக டொக்டர் என்னை விடவில்லை. காலையில் கணவர் வந்து, அமெரிக்கர் காரோடு கீழே நிற்கிறார் என்றார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"வீட்டுக்குப் போய்த் திருநீறு எடுத்துக்கொண்டு போங்கோ. அவளுக்குப் பூசி, ஒரு தேவாரம் பாடுங்கோ. என்ரை பிள்ளை ஒரு சமயமும் இல்லாத பிள்ளையாய்ப் போகக்கூடாது. உங்களிட்டை அது ஒண்டுதான் கேக்கிறன்."

"ஓம்" என்றார். வாதம் செய்யவில்லை.

மத்தியானம் திரும்பி வந்தார். கதிரையை இழுத்துப்போட்டுக் கட்டிலருகில் இருந்தார். சப்பாத்தில் ஈரமண் ஒட்டியிருந்தது.

"பூசினனீங்களோ?"

"ஓம். நெத்தியிலை பூசினனான்."

"தேவாரம்?"

"தொடங்கினனான். ரெண்டாம் அடி வாயிலை வரேல்லை. அந்த அமெரிக்க மனிசன் தொப்பியைக் கழட்டிப்போட்டு எனக்குப் பக்கத்திலை நிண்டு அழுதவர்."

"எங்கை வைச்சனீங்கள்?"

அவர் குனிந்து சப்பாத்து மண்ணைச் சுரண்டினார். இந்த ஊர் மயானங்கள் எல்லாருக்கும் பொதுவானவை என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் அன்றைக்கு உள்ளே ஒவ்வொரு சபைக்கும் ஒவ்வொரு துண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். இங்கிலாந்துச் சபைக்கு ஒரு பக்கம், கத்தோலிக்கருக்கு ஒரு பக்கம், யூதருக்கு ஒரு பக்கம். எந்தப் பக்கம் என்று வாசலில் இருந்தவர் இவரைக் கேட்டிருக்கிறார்.

"இந்தமுறை நான் மதம் இல்லை எண்டு சொல்லேல்லை" என்றார் கணவர். "சைவம் எண்டு சொன்னனான். அவருக்கு விளங்கேல்லை. இந்து எண்டும் சொல்லிப் பாத்தனான்."

"பிறகு?"

"அப்பிடி ஒரு பக்கம் இல்லையாம்."

கடைசியில் வேலிக்கரையில், எந்தச் சபைக்கும் கொடுக்காமல் மிஞ்சிக் கிடந்த ஒரு துண்டு நிலத்தில் அவளை வைத்துவிட்டு வந்திருந்தார்.