ரோட்டோரம் நின்றவள்

பள்ளிக்கூட நாளில் ஒரு ரோட்டு ஓட்டப் போட்டியில் ஏற்றம் வந்ததும் என் தோழிக்கு விலா பிடித்துக்கொண்டது. "நிக்காத புள்ள, மெதுவா ஓடு" என்று சொல்லி, நானும் வேகத்தைக் குறைத்து அவள் பக்கத்திலேயே ஓடினேன். கடைசியாகத்தான் வந்தோம். ஆனாலும் ஓடி முடித்தோம்.

போன வருடம் அவளுடைய கணவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு அவள் சர்ச்சுக்கு வரவில்லை. தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து வீட்டுக்குள்ளேயே இருந்தாள். பதுளை டவுனில் இருந்த நான் அடிக்கடி போன் பண்ணி, "ஜெபத்த விட்றாத. ஓட்டத்த பாதியில நிறுத்தாத" என்பேன். ஆறுதல் சொல்வதாகவே நினைத்திருந்தேன்.

ஒருநாள் அவள் சொன்னாள்: "அன்னைக்கு நீ என்கூட ஓடுன. இப்ப ரோட்டோரமா நின்னுக்கிட்டு ஓடு ஓடுன்னு கத்துற."

பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரம்தான். மாதக்கணக்காக நான் போகவே இல்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு போனேன். பிளேன்டீ ஊற்றித் தந்தாள். "ஜெபம் பண்ணுவோமா?" என்று கேட்டேன்.

"நீ பண்ணு. எனக்கு வரல."

நான் ஜெபித்தேன். அவள் கண்ணை மூடவில்லை. எழுந்து போகவும் இல்லை.

இப்போது ஞாயிறுதோறும் போகிறேன். அவள் இன்னும் சர்ச்சுக்கு வரவில்லை. அவள் தனியாகக் கிடந்த அந்த மாதங்களை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?