மஞ்சள் துணியில் யப்பான் காசு

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்து கோணும். சொல்ல வந்தது பாதியில் மறந்தும் போகும். கோயில் திருவிழா மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ என்று பிள்ளைகள் கேட்டபோது ஏலாது என்றுதான் சொன்னேன். பிறகு, பேர்லினில் இந்த மழைக்குள் தனியே இருக்கிறபோது, வாயால் யாருக்கும் சொல்லாத ஒன்றை எழுதித்தான் பார்ப்போமே என்று தோன்றியது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன பங்குனியில் மகளுக்கு வேலையில் ஊர்லவுப், நீண்ட லீவு, கிடைத்து, என்னையும் யப்பானுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒருநாள் காலையில் ரயில் ஏறி ஊஜி என்ற பழைய தேயிலை ஊருக்குப் போய்ப் பின்னேரம் திரும்பினோம். தெரு முழுக்கத் தேயிலை வறுக்கிற வாசம். ஐஸ்கிறீம்கூடப் பச்சை. அங்கே ஆயிரம் வருஷப் பழைய புத்த கோயில் ஒன்று, குளத்துக்கு நடுவே, கூரையில் இரண்டு பறவைகளோடு நிற்கிறது. யப்பானின் பத்து யென் காசில் இருப்பது அந்தக் கோயில்தான். வந்த சனமெல்லாம் காசைக் கோயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தது. மகள் என்னிடமும் ஒரு காசைத் தந்து, "பிடியுங்கோ அம்மா, வடிவா இருக்கும்" என்றாள். எனக்குக் கை எழும்பவில்லை. குளிருது பிள்ளை என்று சொல்லிச் சமாளித்தேன். குளிரே இல்லை. எழுபது தாண்டிய வயதில், யாழ்ப்பாணத்தில் இருக்கிற என் அக்காமேல் பொறாமை வந்து நின்றது. அவள் ஒருநாளும் அங்கே வந்ததில்லை. ஆனால் அது அவளுக்கென்று சொல்லி வைத்த இடம்.

சொன்னவர் மாமா, அம்மாவின் தம்பி. கப்பலில் சமையல் வேலை. அப்போது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பத்து. அந்த முறை லீவில் வந்தவர், யப்பானில் கப்பல் நின்றபோது ஒருநாள் அந்தத் தேயிலை ஊருக்குப் போய்வந்த கதையைச் சொன்னார். மூன்று நாள் சொன்னார். முதல் நாள் குளத்து மீன் முழங்கை அளவு இருந்தது. மூன்றாம் நாள் அது ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. "இன்னும் ரெண்டு நாள் விட்டால் உம்மடை கப்பலையும் விழுங்கிப்போடும்" என்றார் ஐயா, எங்கள் அப்பா.

எனக்கு மாமா கொண்டுவந்தது பூப்போட்ட ஒரு தேயிலைப் பேணி, மூடியோடு தகரத்தில். அம்மா அந்தத் தேயிலையைப் பாலும் சீனியும் போட்டுக் கொதிக்கவைத்தாள். ஐயா ஒரு வாய் குடித்துவிட்டு, இதை ஆட்டுக்கு வை என்றார். மிச்சத் தேயிலை குப்பைக்குப் போக, பேணிக்குள் பெருஞ்சீரகம் ஏறி, அது அடுக்களைத் தட்டில் அம்மாவின் சொத்தாகிவிட்டது. என் பங்கு அவ்வளவுதான்.

அக்காவுக்குக் கிடைத்தது பத்து யென் காசு. செம்பு நிறத்தில், வட்டமாய், ஒரு பக்கம் அந்தக் கோயிலோடு.

"பத்திரமா வைச்சிரு பிள்ளை" என்றார் மாமா. "இதைக் காட்டினால்தான் அந்தக் கோயிலுக்குள்ளை விடுவினம். அடுத்த முறை உன்னைக் கூட்டிக்கொண்டு போறன்."

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

"ஒரு காசுக்கு ஒரு ஆள்தான்."

பெரியவர்கள் சிரித்தார்கள். அக்காவும் நானும் சிரிக்கவில்லை. எங்களுக்கு அது உண்மை.

அக்கா காசைப் பவுடர் பேணிக்குள் வைத்தாள். நான் கிட்டப் போனால், "கண்ணாலை பார், கையாலை இல்லை" என்பாள். "நான் யப்பானுக்குப் போனாப்பிறகு நீதான் ஆட்டுக்குக் குழை போடவேணும்" என்றும் சொல்லிவைத்தாள். எனக்குச் சோறு இறங்காது.

மாமா மறுபடி கப்பல் ஏறிய அன்று, அம்மா வழக்கம்போல ஓர் ஐந்து சதத்தை மஞ்சள் துணியில் முடிந்து, சாமித்தட்டில் அம்மாள் படத்தின் முன்னால் வைத்தாள். அந்தக் காலத்து ஐந்து சதம் நாலு மூலையுள்ள காசு. பயணம் போனவர் சுகமாய்த் திரும்பினால் முடிச்சை அப்படியே கோயில் உண்டியலில் போடவேண்டும். இடையில் யாரும் அவிழ்க்கக்கூடாது. உண்டியலில் விழுந்தது அம்மாளுடையது, திருப்பிக் கேட்க ஏலாது.

பல மாதம் கழித்து, கொழும்பில் இறங்கிவிட்டேன் என்று மாமாவின் கடிதம் வந்தது. நாளைக்கு விடிய இரண்டு பேரும் போய் நேர்த்திக்காசைப் போட்டுவிட்டு வாருங்கள் என்றாள் அம்மா. அக்கா உடனே தன் தீபாவளிச் சட்டையை எடுத்து மடித்து ஒரு பைக்குள் வைத்தாள். யப்பானுக்கு.

என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் கிணற்றடிக்குப் போன நேரம் பவுடர் பேணியைத் திறந்தேன். அம்மாள் படத்தடியில் இருந்த முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, யப்பான் காசை உள்ளே வைத்துத் திரும்ப முடிந்தேன். ஐந்து சதத்தை மாமரத்தடியில் புதைத்தேன். களவெடுக்கவில்லை, அம்மாளுக்குத்தானே கொடுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் அக்காதான் முடிச்சைக் கையில் கொண்டுவந்தாள். உண்டியலடியில் நின்று அதைப் பெருவிரலால் உருட்டினாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தூணில் இருந்த புறாவைப் பார்த்தேன். கனநேரம் அப்படியே நின்றாள். மாமாவுக்காகக் கும்பிடுகிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு போட்டாள். திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். பஸ் ஓடுகிற பெரிய ரோட்டைக் கடக்கிற இடத்தில் மட்டும் என் கையைப் பிடித்தாள்.

மாமா வந்து உட்கார்ந்தவுடனே கேட்டது அதைத்தான். "எங்கை பிள்ளை யப்பான் காசு? கொண்டா, பாப்பம்."

நான் கூரையை அண்ணாந்து பார்த்தேன். ஐயாவின் பூவரசந் தடி கூரை இறவாணத்தில் செருகியிருந்தது. களவுக்கு அவர் விசாரிக்கமாட்டார், அடிக்கத்தான் செய்வார்.

அக்கா பேணியை எடுக்கப் போகவேயில்லை. "நீங்கள் சுகமா வரவேணும் எண்டு அம்மாளுக்குப் போட்டிட்டன் மாமா" என்றாள்.

மாமா துவாயால் முகத்தைத் துடைத்தார். அம்மா அவளைக் கட்டிப்பிடித்து, "என்ரை குஞ்சு" என்று அழுதாள். கதை எங்கள் ஒழுங்கை முழுக்க, வீடு வீடாகப் பரவியது. "உன்ரை கொக்காவைப் பார்த்துப் பழகு" என்று அடுத்த வீட்டு மாமி எனக்குப் புத்தி சொன்னார். காசை முடிச்சுக்குள் வைத்தது நான், பேர் வாங்கினது அவள். வெளியே சொல்லவும் ஏலாது. ஒரு மாதம் நான் அவளோடு கதைக்கவில்லை. ஏன் என்று அவளும் கேட்கவில்லை. சட்டையைப் பையிலிருந்து எடுத்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள்.

பொய்க்காரி என்றுதான் கனகாலம் அவளை நினைத்திருந்தேன். துணிக்குள் இருப்பது மூலைக் காசா வட்டக் காசா என்று விரலுக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. ஐயாவின் தடியைப் பார்த்தது நான் மட்டும்தானா என்றும் யோசிக்கவில்லை. இன்றைக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் அவளோடு போனில் கதைக்கிறேன். மருந்து, மழை, விலைவாசி. இதைக் கேட்க எனக்கு வெட்கம்.

மலருக்கு வேலை செய்கிற பிள்ளைகளில் ஒருவர் ஆடி மாதம் ஊருக்குப் போவதாகச் சொன்னீர்கள். அச்சில் போடமுன் அக்காவிடம் ஒருக்கா சரிபார்த்துவிடுங்கள். எனக்கு எட்டு வயதா, ஏழா? உண்டியலடியில் என்னைத் திரும்பிப் பார்த்தது மெய்யா, என் நினைப்பா? முடிச்சை மாற்றினது நான் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். தெரியும் என்று அவள் சொன்னால், எப்போதிருந்து என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.