காதர் பாயின் பேட்டரியில் நான் ஊற்றிய தண்ணீர்

"அத்தா மௌத்தாயிட்டாங்க சார். முதல்ல உங்களுக்குத்தான் சொல்றனுங்க" என்றான் காதர் பாயின் மகன். காதர் பாய் இறந்த செய்தியைச் சாயப்பட்டறை லேபில் நின்று போனில் கேட்டேன். முதலில் எனக்கா? எனக்கு அந்தத் தகுதி இல்லை. ஏன் என்று, அவரோடு வேலை பார்த்த உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

நம் கம்பெனி எலெக்ட்ரீஷியனான அவர், கழித்துப்போட்ட சாய மெஷினின் இரும்பு உருளையில் ஒற்றை ஆள் போகும் நீர்மூழ்கிக் கப்பல் செய்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உள்ளே எட்டு லாரி பேட்டரி. ஞாயிறுதோறும் மூடியைத் திறந்துபோட்டுத்தான் சார்ஜ் ஏற்றுவார். "சார்ஜ் ஏறும்போது பேட்டரி மூச்சு விடுமுங்க சார். அடைச்சு வெச்சா வெடிச்சுப்போயிருமுங்க" என்பார். சார்ஜரும் அவரே கம்பி சுற்றிச் செய்தது.

ஒருமுறை குண்டடத்தில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போனவர், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை என்னிடம் விட்டார். டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்திருந்தது. கடைக்குப் போகச் சோம்பல். பட்டறையில் சாயக்கழிவைச் சுத்திகரித்து எடுக்கிற தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்குமே, அதில் ஒரு கேன் பிடித்து ஊற்றிவிட்டேன். லேப்காரனுக்குத் தெரியாத தண்ணீரா என்ற திமிர். துணிக்குப் போகும் தண்ணீரில் தினமும் உப்புப் பார்க்கிறவன், அன்று பார்க்கவில்லை. உப்புத் தண்ணீர் பட்டால் பேட்டரி கெட்டுவிடும்.

அடுத்த மாதம் பூண்டிப் பக்கத்தில், கல்லுடைத்த பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் பாறைக்குழியில் முதல் முழுக்கு. பாதிக் கம்பெனி கரையில் நின்றது. இறங்கிய கொஞ்ச நேரத்தில் மோட்டார் நின்றுவிட்டது. அமிழ்வதற்காக மாட்டியிருந்த எடைக்கல்லைக் கழற்றிவிட்டு, வேர்வையில் நனைந்து மேலே வந்தார். "ஏனுங்க பாய், உள்ள தூங்கிட்டீங்களா?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், வெட்கங்கெட்டவன்.

அன்று மாலை ஒவ்வொரு பேட்டரியாக அளந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "ஊத்துனது டிஸ்டில்டு வாட்டர்தானுங்களே சார்?"

"ஆமாங்க பாய்."

"அப்ப என்ற சார்ஜர்லதான் கோளாறுங்க" என்றார். சார்ஜரைப் பிரித்துப் போட்டார். பிறகு அவர் தண்ணீரில் இறங்கவேயில்லை. ஆறு வருடம், பெருநாளுக்குப் பெருநாள் அவர் வீட்டுப் பிரியாணியைத் தின்றேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்றுதான் போவேன். வேறு ஏதாவது பேசிவிட்டு வந்துவிடுவேன்.

அடக்கம் முடிந்து திரும்புகையில் நம்மில் ஒருவர், "பாவம், சார்ஜரை மட்டும் ஒழுங்காச் சுத்தியிருந்தார்னா" என்றார். அப்போதும் நான் தலையாட்டினேன்.

அந்தச் சார்ஜரில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் ஊற்றியவன் நான், பொய் சொன்னவனும் நான். தன் கைவேலையைச் சந்தேகித்தார், என்னைச் சந்தேகிக்கவில்லை. அந்த நம்பிக்கைதான் அவர் கொடுத்ததாக என்னிடம் மிச்சம் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்க இனி ஆள் இல்லை.