கொலிப்ரி பாரின் வளைந்த முட்கள்

இது கதையல்ல. நடந்தது. நம்பாமல் உதட்டைப் பிதுக்குகிறவர்கள் தாராளமாகப் பிதுக்கிக்கொள்ளலாம். எலாதியோ பலாந்தாவைவிட அழகாக யாராலும் பிதுக்க முடியாது, நடந்ததே அவருக்குத்தான். நள்ளிரவு இல்லை. மழை இல்லை. நாய் ஊளையிடவில்லை. கொலம்பியாவில், காலி என்கிற நகரத்து ஒப்ரேரோ பேட்டையில், ஆகஸ்ட் மாதத்துச் செவ்வாய்க்கிழமை. பட்டப்பகல் மூன்று மணி பதினேழு நிமிடம்.

எலாதியோ பழைய ரெக்கார்டு பிளேயர்களைப் பழுது பார்ப்பவர். முப்பத்தொரு வருடத் தொழில். அந்தப் பேட்டையில் சல்சா இசைத்தட்டு இல்லாத வீடு குறைவு; அத்தனை வீட்டுக்காரர்களும் மடையர்கள் என்பது அவருடைய தீர்மானம். அதிலும் இணையத்தில் படம் பார்த்துப் புது கார்ட்ரிட்ஜ் (முள் அதில்தான் இருக்கும்) வாங்கி, அதைத் தாத்தா காலத்துப் பிளேயரின் கை நுனியில் மாட்டிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது.

“பளபளன்னு இருக்குன்னு வாங்கிட்டியாக்கும்? உன் பிளேயர் கை என்ன கனம், இந்த முள்ளு எவ்வளவு மெத்துன்னு யார்கிட்டயாவது கேட்டியா? செருப்பு வாங்கறப்ப மட்டும் போட்டுப் பார்த்து வாங்கறீங்கல்ல?”

கடை வாசலில் நிற்க வைத்தே மானத்தை வாங்கிவிடுவார். வேலை சுத்தமாக இருக்கும் என்பதால் ஊர் பொறுத்துக்கொண்டது.

அவரை எல் கொலிப்ரி என்ற பாருக்கு அழைத்தது அதன் முதலாளி சொராய்தா. ஆறு வாரத்தில் மூன்று கார்ட்ரிட்ஜ் போய்விட்டதாம். வருகிற சனிக்கிழமை பாருக்கு நாற்பதாவது வருடம். நடனத்துக்கு இருநூறு பேராவது வருவார்கள். தட்டில்தான் பாட்டு ஓட வேண்டும். அன்றைக்கும் முள் போனால் பாரின் பேரும் போய்விடும்.

2:35க்கு எலாதியோ உள்ளே நுழைந்தார். பிளேயரைப் பார்த்ததுமே சிரித்தார். நல்ல சிரிப்பில்லை.

“இந்தக் கையைப் பார்த்தீங்களா அம்மணி? இரும்புக் குழாய் மாதிரி. இதுல போய்ப் பூ மாதிரி முள்ளை மாட்டி வெச்சிருக்கீங்க. தட்டு லேசா நெளிஞ்சிருந்தாலும் கை குதிக்கும், ஸ்பீக்கர் பொருமும். எந்த மேதாவி சொன்னான் இதை வாங்கச் சொல்லி?”

“கடைக்காரன்தான் மாஸ்டர். எல்லாத்துக்கும் பொருந்தும்னான்.”

“எல்லாத்துக்கும் பொருந்தறது ஒண்ணு இருக்கு. அதை மண்ணுக்குள்ள போறப்ப தருவாங்க.”

கெட்டுப்போன மூன்றையும் பூதக்கண்ணாடியில் பார்த்தார். அங்கேதான் முதல் நெருடல். மூன்று முட்களும் வளைந்திருந்தன. ஒரே பக்கம். ஒரே அளவு. பொருந்தாத கையில் மாட்டினால் பாட்டு சிதறும், தட்டு தேயும். முள் இப்படி வளையாது. யாரோ விரலால் தடவித் தடவிச் செய்த வேலை.

“முள்ளுல விரல் வெச்சது யாரு?”

“எங்கம்மா மேல சத்தியமா நான் தொடலை. சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு.”

“அப்ப முள்ளு தானா சோம்பல் முறிச்சுதாக்கும்.”

சொராய்தா, குளிர்ச்சியாக ஏதாவது வாங்கி வருகிறேன் என்று வெளியே போனார்.

எலாதியோ தன் பையிலிருந்து வேறொரு கார்ட்ரிட்ஜை எடுத்தார். கனமான கைக்கென்றே செய்தது. விறைப்பான முள். வெள்ளை, சிவப்பு, நீலம், பச்சை, நான்கு ஒயர்களையும் செருகினார். குட்டித் தராசில் முள்ளை இறக்கி எடை பார்த்தார். சரியாக மூன்று கிராம். நெளிந்த தட்டு ஒன்றை வேண்டுமென்றே போட்டார். கை குதிக்கவில்லை. ட்ரம்பெட் கணீரென்று வந்தது.

“முட்டாப் பசங்க” என்றார், யாரும் இல்லாத பாரில்.

3:14. தட்டை நிறுத்தினார். கையைத் தூக்கி அதன் தாங்கியில் வைத்துப் பூட்டினார். மோட்டாரை அணைத்தார். ஆம்ப்ளிஃபயர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவர்களைப் பைக்குள் அடுக்கினார்.

3:17.

க்ர்ர்ர்...

ஸ்பீக்கரிலிருந்து.

தொழில் தெரிந்த காது அது. ஒயர் கோளாறு இல்லை என்று உடனே தெரிந்துவிட்டது. முள்ளின் நுனியை யாரோ விரலால் வருடுகிற சத்தம். முள் உயிரோடு இருக்கிறதா என்று அரைகுறைகள் இப்படித்தான் சோதிப்பார்கள். எத்தனை பேரை இதற்காகத் திட்டியிருப்பார்!

திரும்பிப் பார்த்தார். பிளேயருக்குப் பக்கத்தில் யாருமில்லை. திறந்த கதவு வழியே சொராய்தா தெரிந்தார். எதிர்ச் சாரியில், தள்ளுவண்டிக்காரனோடு பேரம்.

க்ர்ர்ர்...

“விளையாட்டு காட்டறியா?” என்று பிளேயரைப் பார்த்து உறுமினார். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

முள் மெதுவாக மேலே வளைந்தது. நின்றது. விடுபட்டது.

க்ர்ர்ர்...

மறுபடி வளைந்தது. இந்த முறை அதிகம். விறைப்பான முள் அல்லவா... அழுத்த வேண்டியிருந்தது போலும்.

அவர் உதடு பிதுங்கியது. பழக்கம். நெற்றியில் மட்டும் வேர்வை.

ஆள்காட்டி விரலை முள்ளுக்கு அடியில் நீட்டினார்.

வெதுவெதுப்பாக இருந்தது.

காற்று இல்லை அது. சதை.

இன்னொரு விரல்...

க்ர்ர்—

“ஸ்ஸ்!”

ஸ்பீக்கரில். ஆண் குரல். குத்துப்பட்டவன் மூச்சை இழுப்பானே, அது.

பிறகு எதுவுமில்லை.

முள்ளின் நுனியில் கடுகில் பாதியளவு சிவப்பு. தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காயம் இல்லை.

சொராய்தா இரண்டு கோப்பை ஐஸ் போட்ட சம்பூஸ் என்கிற சோளப் பானத்தோடு வந்தபோது எலாதியோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னார். அந்த அம்மாளின் முகம் வெளுத்தது.

“உல்பியானோ இப்படித்தான் முள்ளைத் தடவிப் பார்ப்பான். இங்க பாட்டுத் தட்டு போட்டவன். பதினெட்டு வருஷமா, மூணு மணிக்கு மேல வந்ததும் முதல் வேலை அதுதான்.”

“செத்துட்டானா?”

“சாகலை. ஆறு வாரமா பக்கவாதம். பேச்சு இல்லை. சிலோயே மேட்டுல அக்கா வீட்ல கிடக்கான்.”

உயிரோடிருப்பவன் எப்படிப் பேயாவான்! எலாதியோவுக்குப் போன தைரியம் திரும்பி வந்தது. எவனோ ஒயர் இழுத்து வைத்து விளையாடுகிறான், பார் சாவிக்கு இன்னொரு நகல் இருக்கிறது, அது அந்த உல்பியானோ வீட்டில்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார். வியாழக்கிழமை காலை, ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கிற நினைப்பில் மேட்டுத் தெரு ஏறினார்.

வாசலில் கறுப்புத் துணி கட்டியிருந்தது. உல்பியானோ முந்தின நாள் விடியற்காலையில் இறந்துபோயிருந்தான்.

தொழிலைச் சொன்னதும் அக்கா ரோசால்பா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“ரெக்கார்டு மெக்கானிக்கா? ஓ... முள்ளைத் தொடாதடா மடையான்னு இவனைத் தெருவே சிரிக்கத் திட்டின ஆளு நீதானா?”

எலாதியோவுக்கு ஞாபகம் இல்லை. அத்தனை பேரைத் திட்டியிருந்தார்.

“எதுக்கு வந்த? செத்தவனையும் திட்டணுமா?”

“அவன் கை... கை அசைஞ்சுதா?” என்றார். குரல் அவருடையது போலவே இல்லை.

ரோசால்பா வாசற்படியில் உட்கார்ந்தார்.

“உனக்கு யார் சொன்னா? ஒரே ஒரு விரல்தான் அசையும். தினமும் மூணு மணிக்கு மேல. காத்துல எதையோ தடவற மாதிரி நாலு தடவை. டாக்டர் நரம்புன்னாரு. செவ்வாய்க்கிழமையும் பண்ணான். நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். நாலாவது தடவை ‘ஸ்ஸ்’னான். ஆறு வாரத்துல அவன் வாயிலேர்ந்து வந்த ஒரே சத்தம். பார்த்தா விரல் நுனியில ரத்தம். சின்ன ஓட்டை. மெத்தை, தலகாணி, போர்வை எல்லாத்தையும் உதறிட்டேன், ஊசி ஒண்ணும் கிடைக்கலை. அதுக்கப்புறம் அந்த விரல் அசையவே இல்லை.”